டெர்மினலில் ஓடுகிறது, நோட்-ரெட்டில் ஓடவில்லை: வெளி ஸ்கிரிப்டுகளைச் சரிசெய்யும் வழி

டெர்மினலில் தட்டினால் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது. அதையே நோட்-ரெட்டின் (நோடு எனும் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து வேலைகளைக் கட்டும் மென்பொருள்) எக்ஸெக் நோடில், அதாவது வெளிக் கட்டளையை ஓட்டும் பெட்டியில், போட்டால் ஒன்றும் நடப்பதில்லை, அல்லது ஒற்றை வரிப் பிழை வருகிறது. உடனே ஸ்கிரிப்டைத் திறந்து அதன் வரிகளை மாற்றத் தொடங்காதீர்கள். அது அரைத்த மாவையே அரைக்கும் வேலை. ஸ்கிரிப்ட் மாறவில்லை, அது ஓடும் சூழல்தான் மாறியிருக்கிறது: வேறு பயனர், வேறு கோப்புறை, வேறு சூழல் மாறிகள் (நிரல்களுக்குத் தரப்படும் பெயர்-மதிப்பு அமைப்புகள்), கூடவே டெர்மினல் என்ற ஒன்றே இல்லாத நிலை. இந்த நான்கில் எது உங்களைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவை லினக்ஸில் (ராஸ்பெரி பை எனும் சிறு கணினி உட்பட) ஓடும் நோட்-ரெட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோஸ், டாக்கர் (நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் கருவி), லேப்வியூ (அளவீட்டு வேலைகளுக்கான வரைபட நிரலாக்க மென்பொருள்), கிராஸ்ஹாப்பர் (ரைனோ வடிவமைப்பு மென்பொருளின் வரைபட நிரலாக்கப் பகுதி) பற்றிப் பின்னால் தனித்தனியாகச் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

எக்ஸெக் நோடுக்கு மூன்று வெளிவாய்கள் உண்டு. மேலே உள்ளது ஸ்டாண்டர்ட் அவுட்புட், நடுவில் ஸ்டாண்டர்ட் எரர், கீழே எக்ஸிட் கோட் (முடியும்போது நிரல் தரும் எண்). பலரும் முதல் வாயில் மட்டும் டீபக் நோடை (வரும் செய்தியைக் காட்டும் பெட்டி) மாட்டிவிட்டு "எதுவுமே வரவில்லை" என்கிறார்கள். பிழைச் செய்தி இரண்டாவது வாயில் வந்து, பார்க்க ஆளில்லாமல் போயிருக்கும். மூன்றிலும் தனித்தனி டீபக் நோடு மாட்டி, முழுச் செய்திப் பொருளையும் காட்டும்படி அமையுங்கள்.

இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்:

- ஸ்கிரிப்டின் முழுப் பாதை, வேர்க் கோப்புறையிலிருந்து.
- டெர்மினலில் எந்தப் பயனராக இருந்து ஓட்டினீர்கள் என்பது.
- டெர்மினலில் 'விச் பைத்தான்3' என்று கேட்டால் வரும் பாதை.
- நோட்-ரெட் எப்படித் தொடங்கப்படுகிறது: கையாலா, சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சேவையாகவா, டாக்கருக்குள்ளா.

சேவையாக ஓடினால் இன்னொரு சாளரத்தில் 'ஜர்னல்சிடிஎல் -யூ நோட்ரெட் -எஃப்' ஓடிக்கொண்டிருக்கட்டும். டீபக் பலகையில் வராத சில செய்திகள் அங்கே வரும்.

2. எக்ஸிட் கோடைப் படியுங்கள்

எண்ணைப் பார்த்தாலே பாதிச் சந்தேகங்கள் விலகும்.

0: ஸ்கிரிப்ட் வெற்றியாக முடிந்ததாகத் தானே சொல்கிறது. உண்மையா என்பது வேறு கேள்வி.
1: ஸ்கிரிப்ட் தொடங்கிவிட்டது, உள்ளே ஏதோ உடைந்தது. ஸ்டாண்டர்ட் எரரைப் படியுங்கள்.
2: பைத்தானைக் கூப்பிட்டிருந்தால், பெரும்பாலும் அது ஸ்கிரிப்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை. பாதை தவறு.
126: கோப்பு கிடைத்தது, இயக்க அனுமதி இல்லை.
127: கட்டளையே கிடைக்கவில்லை. பாத் மாறியில் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) சிக்கல்.
137: கட்டாயமாகக் கொல்லப்பட்டது. நினைவகம் தீர்ந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கொன்றிருக்கலாம்.
139: நினைவகப் பிழையால் செயலி விழுந்தது.
143: டெர்ம் சிக்னல் (நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) வந்து முடிந்தது. டைம்-அவுட் இங்கேதான் வரும்.

128-க்கு மேற்பட்ட எண்ணிலிருந்து 128-ஐக் கழித்தால் சிக்னல் எண் கிடைக்கும்: 137 என்றால் 9, 143 என்றால் 15. சில சமயம் எண்ணுக்குப் பதிலாகச் சிக்னலின் பெயரே வரும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. ஸ்டாண்டர்ட் எரரில் எழுத்து வந்தாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஃப்எஃப்எம்பெக், கர்ல், கிட் போன்ற கருவிகள் எல்லாம் சாதாரண முன்னேற்றச் செய்திகளையும் அங்கேதான் எழுதுகின்றன. அடுத்தது, குழாய்க் குறியால் (|) இரண்டு கட்டளைகளை இணைத்தால் கடைசிக் கட்டளையின் கோட் மட்டுமே வரும். முதல் கட்டளை செத்திருந்தாலும் 0 என்று சிரிக்கும். பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட்டால் இது தீரும். மூன்றாவது, எக்ஸிட் கோட் 0 முதல் 255 வரைதான். பைத்தானில் -1 என்று வெளியேறினால் 255 வரும். 256 என்று வெளியேறினால் 0, அதாவது தோல்வி வெற்றியாகிவிடும்.

3. சூழலை ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கீழே உள்ள பல படிகள் தேவைப்படாமலே போகலாம்.

எக்ஸெக் நோடில் உங்கள் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு இதை மட்டும் போடுங்கள்: 'ஐடி; பிடபிள்யூடி; என்வ்'. முறை "எக்ஸெக்" ஆக இருக்கட்டும். வருவதை ஒரு கோப்பில் ஒட்டுங்கள். டெர்மினலிலும் அதே வரியை ஓட்டி இன்னொரு கோப்பில் ஒட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாத் மாறி. டெர்மினலைத் திறக்கும்போது '.பாஷ்ஆர்சி' கோப்பு படிக்கப்பட்டு பைஎன்வ், என்விஎம், கோண்டா போன்ற பதிப்பு மேலாளர்கள் தங்கள் பாதைகளைச் சேர்க்கின்றன. சிஸ்டம்டி சேவை அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. மேக்கில் லான்ச்டி வழியாகத் தொடங்கும் செயலிகளுக்கும் இதே கதைதான். தீர்வு எளிது: கட்டளையில் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். 'பைத்தான்3' என்று எழுதாமல் '/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று எழுதுங்கள். பாத் மாறியையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 'சிஸ்டம்சிடிஎல் எடிட் நோட்ரெட்' கொடுத்து, சர்வீஸ் பகுதியின் கீழ் 'என்விரான்மென்ட்=' வரியைச் சேர்த்து, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். '.பாஷ்ஆர்சி'யில் எழுதிவிட்டுச் சேவைக்குத் தெரியும் என்று காத்திருக்க வேண்டாம்.

இருக்கும் கோப்புறை. 'பிடபிள்யூடி' காட்டும் இடம் உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் இடம் அல்ல. ஸ்கிரிப்டுக்குள் 'டேட்டா.சிஎஸ்வி' என்று வெறும் பெயர் இருந்தால் தேடல் தவறான இடத்தில் நடக்கும். எழுதும் ஸ்கிரிப்ட் இன்னும் மோசம்: பிழையே வராது, கோப்பு மட்டும் எதிர்பாராத இடத்தில் உருவாகியிருக்கும். ஸ்கிரிப்டுக்குள் தன் சொந்தக் கோப்பின் இடத்தை வைத்துப் பாதையைக் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு. அவசரத்துக்கு 'சிடி முழுப்பாதை && கட்டளை' என்று எழுதலாம், ஆனால் எக்ஸெக் முறையில் மட்டும்.

பயனர். 'ஐடி' வரியில் பயனர் பெயரோடு குழுக்களும் வரும். சீரியல் போர்ட் திறக்க டெபியன் வகை லினக்ஸில் 'டயல்அவுட்' குழு வேண்டும். ராஸ்பெரி பையில் பின்களைத் தொட 'ஜிபிஐஓ' குழு. குழுவில் சேர்த்தவுடன் ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்கு அது தெரியாது, மறுதொடக்கம் கட்டாயம். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளின் அனுமதி 750. அதனால் வேறு பயனராக ஓடும் சேவை உங்கள் ஹோமுக்குள் நுழையவே முடியாது. ஸ்கிரிப்டுக்கு 777 கொடுத்தாலும் பயனில்லை. 'நேம்ஐ -எல் முழுப்பாதை' என்று அடித்தால் வழியில் எந்தக் கோப்புறை கதவை அடைத்திருக்கிறது என்று படிப்படியாகக் காட்டும். இந்தச் சின்னக் கட்டளை பலருக்கும் தெரியாதது வருத்தம்தான்.

தலைகீழாகவும் சோதிக்கலாம். டெர்மினலிலேயே 'என்வ் -ஐ /பின்/எஸ்எச் -சி "உங்கள் கட்டளை"' என்று ஓட்டினால் சூழல் மாறிகள் எல்லாம் துடைக்கப்பட்ட நிலையில் ஓடும். அங்கேயும் உடைந்தால் நோட்-ரெட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் ஒவ்வொரு மாறியாகச் சேர்த்துப் பார்த்து, எது இல்லாமல் ஓடவில்லை என்று பிடித்துவிடலாம்.

4. எக்ஸெக் முறையா, ஸ்பான் முறையா

நோடின் அமைப்பில் இரண்டு முறைகள். கட்டளை முடிந்தபின் மொத்தமாக வெளியீடு தருவது எக்ஸெக். ஓடும்போதே வரவர அனுப்புவது ஸ்பான். புதிதாக வருபவர்கள் இதை வெளியீட்டு வேறுபாடு என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையான வேறுபாடு ஷெல், அதாவது கட்டளை வரியைப் புரிந்து ஓட்டும் நிரல்.

எக்ஸெக் முறையில் உங்கள் வரி ஷெல்லிடம் போகிறது. குழாய், திசைதிருப்பும் குறி, '&&', நட்சத்திரக் குறி, டாலர் மாறிகள் எல்லாம் வேலை செய்யும். ஸ்பான் முறையில் ஷெல் கிடையாது. அந்தக் குறிகள் எல்லாம் வெறும் எழுத்துகளாக உங்கள் ஸ்கிரிப்டின் ஆர்க்யுமென்ட்டுகளாகப் போய்ச் சேரும். "நட்சத்திரம் போட்ட கோப்பு இல்லை" என்ற பிழை வந்தால் காரணம் இதுதான்.

எக்ஸெக் முறையிலும் ஒரு பொறி: அந்த ஷெல் பாஷ் அல்ல, '/பின்/எஸ்எச்'. டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் மூன்றிலும் அது டாஷ். டாஷுக்கு 'சோர்ஸ்' தெரியாது, இரட்டைச் சதுர அடைப்புச் சோதனை தெரியாது, அர்ரேக்கள் தெரியாது. 'சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் அதற்குப் பதில் ஒற்றைப் புள்ளியைப் பயன்படுத்துங்கள், அல்லது வரிகளை பாஷ் கோப்பில் எழுதி '/பின்/பாஷ் கோப்பு' என்று கூப்பிடுங்கள். மூன்று கட்டளைகளுக்கு மேல் போனால் இரண்டாவதே மேல். நோடின் சின்னப் பெட்டிக்குள் நீளமான ஒற்றை வரியை வைத்துப் போராடுவது வீண்.

எதை எப்போது தேர்ந்தெடுப்பது? சில விநாடிகளில் முடிந்து ஒரே பதில் தருவதென்றால் எக்ஸெக். நீண்ட நேரம் ஓடுவது, அல்லது வெளியீடு மெகாபைட் கணக்கில் வருவது என்றால் ஸ்பான். எக்ஸெக் முறையில் வெளியீட்டுக்கு மேல்வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் நடுவிலேயே நிறுத்தப்படும்.

இன்னொன்று. "செய்தியின் பேலோடைச் சேர்" என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்ட் நோடு வழக்கமாக நேரமுத்திரையை அனுப்பும். அந்த 13 இலக்க எண் உங்கள் கட்டளையின் வாலில் ஒட்டிக்கொண்டு, ஸ்கிரிப்ட் "புரியாத ஆர்க்யுமென்ட்" என்று முகம் திருப்பும்.

5. கோப்பின் பக்கம் பார்க்க வேண்டியவை

இயக்க அனுமதி: 'சிஎச்மாட் +எக்ஸ்'. கொடுத்தும் 126 வந்தால், கோப்பு பென் டிரைவிலோ இயக்கம் தடுக்கப்பட்ட பகுதியிலோ இருக்கலாம். 'மவுண்ட்' கட்டளையின் வெளியீட்டில் 'நோஎக்ஸெக்' தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தாலும், இன்டர்ப்ரெட்டரை (ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் நிரல்) முன்னால் வைத்து 'பைத்தான்3 கோப்பு' என்று கூப்பிட்டால் ஓடும்.

முதல் வரி: '#!' வரி இல்லாத பைத்தான் கோப்பை நேரடியாகக் கூப்பிட்டால் அது ஷெல்லிடம் போய்ச் சேரலாம். அடையாளம் 'இம்போர்ட்: நாட் ஃபவுண்ட்' என்ற பிழை. கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் இன்னும் வேடிக்கை: 'இம்போர்ட்' என்பது அதன் திரைப்பிடிப்புக் கட்டளை. பிழை வராமல், மவுஸ் குறி சிலுவையாக மாறிக் காத்துக்கொண்டு நிற்கும்.

வரி முடிவு: விண்டோஸில் எழுதி லினக்ஸுக்கு நகலெடுத்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். முதல் வரியிலும் அது ஒட்டியிருப்பதால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'நோ சச் ஃபைல்' என்று வரும். இல்லாதது கோப்பு அல்ல, முதல் வரி சொல்லும் இன்டர்ப்ரெட்டர். 'டாஸ்2யூனிக்ஸ்' ஒரு தடவை ஓட்டினால் சரி. ஸ்பான் முறையில் வரும் 'ஈ.என்.ஓ.ஈ.என்.டி' பிழைக்கும் இதே விளக்கம் பொருந்தும்: கட்டளை இல்லை, அல்லது அதன் இன்டர்ப்ரெட்டர் இல்லை.

6. எந்தப் பைத்தான்?

"மாட்யூல் கிடைக்கவில்லை" என்ற பிழைக்கு மறுபடி மறுபடி 'பிப் இன்ஸ்டால்' செய்வது தீர்வல்ல. தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு பைத்தானில்.

டெபியன் 12 முதல் கணினியின் சொந்தப் பைத்தானில் பிப் வழியாக நிறுவ முயன்றால் "வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்ற மறுப்பு வரும். அதை உடைத்துக்கொண்டு நிறுவும் தேர்வு இருந்தாலும் தொடாதீர்கள். 'பைத்தான்3 -எம் வென்வ் முழுப்பாதை' என்று தனிச் சூழல் உருவாக்கி, அதற்குள் இருக்கும் பிப்பால் நிறுவுங்கள்.

பிறகு எக்ஸெக் நோடில் அந்தச் சூழலை 'ஆக்டிவேட்' செய்ய முயல வேண்டாம், தேவையே இல்லை. சூழலின் 'பின்' கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் போதும். அது தன் தொகுப்புகளைத் தானே கண்டுகொள்ளும். விண்டோஸில் அந்தக் கோப்புறையின் பெயர் 'ஸ்கிரிப்ட்ஸ்'.

7. ஓடுகிறது, ஆனால் வெளியீடு வரவில்லை

ஸ்பான் முறையில் விநாடிக்கு ஒரு வரி அச்சிடும் பைத்தான் ஸ்கிரிப்ட். டெர்மினலில் வரிவரியாக வருகிறது. நோட்-ரெட்டில் பல நிமிடம் மௌனம், பிறகு திடீரென்று ஒரு குவியல். ஸ்கிரிப்ட் தூங்கவில்லை. எதிரே டெர்மினல் இருந்தால் பைத்தான் வரிக்கு வரி அனுப்பும். குழாய் இருந்தால் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) சேர்த்துவைத்து, அது நிறைந்தபின்தான் தள்ளும். பைத்தானின் பல பதிப்புகளில் அதன் அளவு 8192 பைட். வரிகள் சிறியவை என்றால் அது நிறைய வெகுநேரம் ஆகும்.

'பைத்தான்3 -யூ' என்று கூப்பிடுங்கள். அல்லது 'பைத்தான்அன்பஃபர்ட்' மாறிக்கு 1 கொடுங்கள், அல்லது பிரிண்ட் வரியில் ஃபிளஷைச் சேருங்கள். சி மொழியில் எழுதிய பல கருவிகளுக்கு முன்னால் 'எஸ்டிடிபஃப் -ஓஎல்' வைத்தால் சரியாகும். பைத்தானுக்கு அது பயன்படாது. குழாயின் நடுவில் கிரெப் இருந்தால் அதற்குத் தனியாக '--லைன்-பஃபர்ட்' கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பஃபர் அங்கே தேங்கும்.

வெளியீடு வர ஆரம்பித்த பிறகு அடுத்த தலைவலி: ஒரு செய்தி என்பது ஒரு வரி அல்ல. ஸ்பான் துண்டுதுண்டாகத்தான் அனுப்பும். ஒரு செய்தியில் மூன்று வரி வரலாம், ஒரு வரி பாதியில் வெட்டுப்பட்டு இரண்டு செய்தியாகவும் வரலாம். அரைகுறை ஜேசனைப் (தரவைப் பரிமாறும் ஓர் உரை வடிவம்) பாகுபடுத்தப் போய்ப் பிழை வாங்காதீர்கள். நடுவில் ஸ்பிளிட் நோடு வைத்து, வரி முடிவில் பிரிக்கும்படியும், செய்திகளைத் தொடர் ஓடையாகக் கருதும்படியும் அமையுங்கள். தமிழ் எழுத்துகளை அச்சிடும் ஸ்கிரிப்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். துண்டு அந்த மூன்றின் நடுவில் விழுந்தால் அந்த எழுத்து உடைந்துபோகும். பெரிய தமிழ் உரை என்றால் கோப்பில் எழுதிவிட்டு, ஃபைல் நோடால் படிப்பது பாதுகாப்பு.

8. தரவை உள்ளே அனுப்புதல்

ஜேசனை அப்படியே ஆர்க்யுமென்ட்டாக அனுப்பாதீர்கள். அதன் இரட்டை மேற்கோள்களை ஷெல் விழுங்கிவிடும், ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது உடைந்த எலும்புக்கூடு. சிறிய தரவு என்றால் பேஸ்64 (மேற்கோள்களோ இடைவெளிகளோ இல்லாத எழுத்துக் குறியாக்கம்) ஆக மாற்றி அனுப்பி, உள்ளே பிரித்துக்கொள்ளுங்கள். பெரியது என்றால் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதன் பாதையை மட்டும் அனுப்புங்கள். அளவுக்கும் எல்லை உண்டு: லினக்ஸில் ஒற்றை ஆர்க்யுமென்ட் 128 கிலோபைட் வரை, விண்டோஸின் கட்டளை வரி 8191 எழுத்து வரை.

பாதுகாப்பு பற்றி ஒரே வார்த்தை, ஆனால் கண்டிப்பாக. வெளியிலிருந்து வரும் உரையை, அது வெப் படிவமோ எம்கியூடிடி (கருவிகளுக்கிடையே செய்தி அனுப்பும் நெறிமுறை) செய்தியோ அரட்டைச் செயலியோ, எக்ஸெக் முறையின் கட்டளையோடு ஒட்டாதீர்கள். அரைப்புள்ளி ஒன்றைப் போட்டு அடுத்த கட்டளையை எழுதினால் உங்கள் கணினி அதையும் ஓட்டும். ஸ்பான் முறையில் ஷெல் இல்லாததால் இந்த வழி அடைபடும். அப்போதும், ஸ்கிரிப்டுக்குள் உள்ளீட்டைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

9. கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டுகள்

ஸ்கிரிப்ட் முடியவே இல்லை, பிழையும் இல்லை என்றால் அது யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருக்கலாம். கடவுச்சொல், ஆமா-இல்லையா கேள்வி, எஸ்எஸ்எச் முதல்முறை கேட்கும் உறுதிப்படுத்தல், பேட்ச் கோப்பின் 'பாஸ்' வரி. டெர்மினல் இல்லாத இடத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. எஸ்எஸ்எச்சுக்கு 'பேட்ச்மோட்=யெஸ்' கொடுத்தால் காத்திருக்காமல் உடனே தோற்கும்; அதுதான் நமக்கு வேண்டும்.

சூடோ (நிர்வாகியான ரூட்டின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) என்றால் "கடவுச்சொல்லைப் படிக்க டெர்மினல் தேவை" என்று மறுக்கும். நோட்-ரெட்டையே ரூட்டாக ஓட்டுவது எளிய வழி, மோசமான வழி. 'விசூடோ' மூலம் அந்தப் பயனருக்கு அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் கடவுச்சொல் இல்லாத அனுமதி கொடுங்கள், முழுப் பாதையோடு. அந்த ஸ்கிரிப்டும் அது இருக்கும் கோப்புறையும் ரூட்டுக்குச் சொந்தமாக, அந்தப் பயனரால் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும். அவர் மாற்ற முடிந்தால், கொடுத்தது ஒரு ஸ்கிரிப்டுக்கான அனுமதி அல்ல, முழுக் கணினிக்கானது. பல சமயம் சூடோவே தேவைப்படாது. மூன்றாம் படியில் சொன்ன குழுவில் சேர்த்தாலே போதும்.

10. நேரமும் செலவும்

ஒவ்வொரு செய்திக்கும் எக்ஸெக் நோடு ஒரு புதிய புராசஸ் தொடங்கும். பைத்தான் எழுந்திருக்க வேண்டும், தொகுப்புகளை ஏற்ற வேண்டும், பிறகுதான் உங்கள் வேலை. பாண்டாஸ் போன்ற கனமான தொகுப்பு என்றால் வேலையைவிட ஏற்றும் நேரமே அதிகம், சிறிய போர்டுகளில் இன்னும் மோசம். 'பைத்தான்3 -எக்ஸ் இம்போர்ட்டைம்' என்று ஓட்டினால் எந்தத் தொகுப்பு எவ்வளவு நேரம் தின்கிறது என்று மைக்ரோ விநாடியில் காட்டும். அடிக்கடி கூப்பிட வேண்டிய ஸ்கிரிப்டைத் தனிச் சேவையாகத் தொடர்ந்து ஓடவிட்டு, எம்கியூடிடி அல்லது எச்டிடிபி வழியாகப் பேசுவதே சரியான வடிவம். அங்கே எக்ஸெக் நோடைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்த செய்தி வந்தால் நோடு காத்திருக்காது. இரண்டும் இணையாக ஓடும். ஐந்து விநாடி எடுக்கும் ஸ்கிரிப்டை விநாடிக்கு ஒருமுறை தூண்டினால் எப்போதும் ஐந்து பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கும். சீரியல் போர்ட்டைத் திறப்பவை என்றால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும். கட்டளையின் முன்னால் 'எஃப்லாக் -என் பூட்டுக்கோப்பு' வையுங்கள். ஏற்கெனவே ஒன்று ஓடினால் புதியது உடனே 1 என்று வெளியேறிவிடும்.

டைம்-அவுட் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். வழக்கமான நேரத்தின் மூன்று மடங்கு என்று வைப்பது என் கணக்கு; பெட்டியில் எண் விநாடியில். ஸ்பான் முறையில் ஓடுவதை நடுவில் நிறுத்த, 'கில்' என்ற பண்பில் சிக்னல் பெயரை வைத்துச் செய்தி அனுப்பலாம். பல ஓடினால் 'பிஐடி' பண்பும் வேண்டும்.

நிறுத்தியும் சாகாத பைத்தான் என்றால் காரணம் இது: எக்ஸெக் முறையில் சிக்னல் போவது ஷெல்லுக்கு, பைத்தான் அதன் பிள்ளை. 'சிடி பாதை && எக்ஸெக் பைத்தான்3 கோப்பு' என்று கடைசிக் கட்டளையின் முன் ஷெல்லின் 'எக்ஸெக்' சொல்லைச் சேர்த்தால் ஷெல் விலகி அதே இடத்தில் பைத்தான் உட்காரும்.

கட்டளையின் கடைசியில் '&' போட்டுப் பின்னணிக்கு அனுப்புபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வெளியீட்டை வேறிடத்துக்குத் திருப்பாவிட்டால் குழாய் திறந்தே இருக்கும், நோடு முடியாமல் தொங்கும். திருப்பினாலும், சிஸ்டம்டி சேவையை நிறுத்தும்போது தன் குழுவில் உள்ள எல்லாப் புராசஸ்களையும் வழக்கமாகக் கொன்றுவிடும், 'நோஹப்' காப்பாற்றாது. நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் 'சிஸ்டம்டி-ரன்' அல்லது தனிச் சேவை.

11. விண்டோஸில்

பாத் மாறியை மாற்றினால் நோட்-ரெட்டையும், அது தொடங்கப்பட்ட கட்டளைச் சாளரத்தையும் மூடித் திறங்கள். மாறிகள் புராசஸ் பிறக்கும்போதே நகலாகிவிடும்.

'பைத்தான்' என்று கூப்பிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? அது பைத்தானே அல்ல, ஸ்டோருக்கான போலிக் குறுக்குவழி. அமைப்புகளில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்' பட்டியலில் அணைத்துவிட்டு முழுப் பாதை கொடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள்.

பவர்ஷெல் ஸ்கிரிப்டுகள் வழக்கமான விண்டோஸ் கணினியில் கொள்கையால் தடுக்கப்பட்டிருக்கும். 'பவர்ஷெல் -நோப்ரொஃபைல் -எக்ஸிக்யூஷன்பாலிசி பைபாஸ் -ஃபைல் முழுப்பாதை' என்று கூப்பிடுங்கள். '-கமாண்ட்' வேண்டாம், ஸ்கிரிப்ட் தரும் குறிப்பிட்ட எக்ஸிட் கோட் அதில் வெறும் 1 ஆகச் சுருங்கிவிடும்.

ஸ்பான் முறையில் பேட் கோப்பு நேற்றுவரை ஓடி, நோட்.ஜேஎஸ் மேம்படுத்தியபின் 'ஈ.இன்வால்' என்று விழுந்தால்: 2024 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப்பின் ஷெல் இல்லாமல் பேட் கோப்புகளை நேரடியாக ஓட்ட நோட்.ஜேஎஸ் மறுக்கிறது. 'சிஎம்டி /சி கோப்பு' என்று கூப்பிடுங்கள்.

விண்டோஸ் சேவையாக ஓட்டினால், நீங்கள் உள்நுழைந்து இணைத்த இசட் டிரைவ், ஒய் டிரைவ் எதுவும் சேவைக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் திறக்கும் சாளரமும் உங்கள் திரைக்கு வராது. விஸ்டா காலத்திலிருந்தே சேவைகள் தனி அமர்வில் அடைபட்டிருக்கின்றன. தமிழை அச்சிடும்போது 'யூனிகோட் என்கோட் எரர்' வந்தால் 'பைத்தான்யூடிஎஃப்8' மாறிக்கு 1 கொடுங்கள்.

12. டாக்கருக்குள்

கணினியில் இருக்கும் ஸ்கிரிப்டும் பைத்தானும் கன்டெய்னருக்குள் இல்லை. முதலில் 'டாக்கர் எக்ஸெக் -ஐடி பெயர் எஸ்எச்' கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். ஸ்கிரிப்டுகளை '/டேட்டா'வில் மாட்டிய கோப்புறைக்குள் வையுங்கள். உள்ளே போய் ஏதாவது நிறுவினால் கன்டெய்னரை மறுபடி உருவாக்கும்போது காணாமல் போகும். அதிகாரபூர்வ இமேஜை அடித்தளமாக வைத்து உங்கள் டாக்கர்ஃபைலில் நிறுவும் வரிகளை எழுதுங்கள். அந்த இமேஜ்களில் பெரும்பாலானவை ஆல்பைன் லினக்ஸ் என்பதால் 'ஆப்ட்' இருக்காது, 'ஏபிகே'தான். பாஷும் இருக்கும் என்று நம்பி எழுதாதீர்கள். ஸ்னாப் பொதியாக நிறுவியிருந்தாலும் இதே மாதிரியான சுவர் உண்டு.

13. லேப்வியூ, கிராஸ்ஹாப்பர் போன்றவற்றில்

மேலே சொன்ன சோதனைகள் இங்கேயும் பொருந்தும், சில கூடுதல் பொறிகளோடு.

லேப்வியூவின் சிஸ்டம் எக்ஸெக் கட்டளையை ஷெல் வழியாக அனுப்புவதில்லை. 'டிர்', 'காப்பி' போன்றவை தனிச் செயலிகள் அல்ல என்பதால் முன்னால் 'சிஎம்டி /சி' வேண்டும். 2018 பதிப்பில் வந்த பைத்தான் நோடைப் பயன்படுத்தினால் லேப்வியூ 32 பிட் என்றால் பைத்தானும் 32 பிட்டாக இருக்க வேண்டும், 64-க்கும் அப்படியே.

கிராஸ்ஹாப்பரில் ரைனோ 7 வரை உள்ளே இருந்தது ஐயன்பைத்தான் 2.7. அதில் நம்பை (எண் கணக்கீட்டுத் தொகுப்பு) ஏறாது. அதனால்தான் வெளி பைத்தானைக் கூப்பிட நேர்கிறது. கூப்பிடும்போது இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டு 'வெயிட்' மட்டும் செய்தால், வெளியீடு குழாயை நிறைத்தவுடன் ஸ்கிரிப்ட் எழுத முடியாமல் நிற்கும், கிராஸ்ஹாப்பர் அது முடியட்டும் என்று நிற்கும், சாளரம் உறையும். 'கம்யூனிகேட்' பயன்படுத்துங்கள், அது குழாயைக் காலி செய்துகொண்டே காத்திருக்கும்.

தனக்குள் சொந்தப் பைத்தானை வைத்திருக்கும் எந்த மென்பொருளிலும் இன்னொன்று நடக்கலாம்: அது அமைத்த 'பைத்தான்ஹோம்', 'பைத்தான்பாத்' மாறிகள் நீங்கள் கூப்பிடும் வெளி பைத்தானுக்கும் ஒட்டிக்கொண்டு போகும். அடையாளம், 'என்கோடிங்ஸ்' என்ற மாட்யூல் இல்லை என்று தொடக்கத்திலேயே விழுவது. 'பைத்தான் -ஈ' என்று கூப்பிட்டால் அந்த மாறிகளைக் கண்டுகொள்ளாது. லினக்ஸில் 'ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்' பதிப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் ஒட்டிக்கொண்டது 'எல்டி_லைப்ரரி_பாத்'. கட்டளையின் முன்னால் 'என்வ் -யூ எல்டி_லைப்ரரி_பாத்' சேர்த்து ஓட்டுங்கள்.